விண்ணிலிருந்து மண்ணுக்கு – 6: இழுத்தும் வராத பாராசூட்

முன்கதை: வஸ்தோக் கலத்துக்கு மெதுவாகத் தரையிறங்கத் தெரியாது. அதனால்தான் 1961 ஏப்ரல் 12 அன்று ககாரின் ஏழு கிலோமீட்டர் உயரத்தில் இருக்கையோடு வெளியே எறியப்பட்டு, தன் சொந்தப் பாராசூட்டில் சாரதோவ் பகுதியில் இறங்கினார். உலக சாதனைப் பதிவுக்கு விமானி கலத்தோடுதான் இறங்க வேண்டும் என்பது அன்றைய விதி. எனவே சோவியத் அரசு இந்த விஷயத்தைப் பல ஆண்டுகள் வாய்விட்டுச் சொல்லவில்லை. அடுத்து வந்த வஸ்ஹோத்தில் மெதுவாக இறங்க உதவும் சிறு ராக்கெட் ஒன்றைச் சேர்த்தார்கள். வீரர்கள் கலத்துக்குள் உட்கார்ந்தபடியே தரையைத் தொட்டார்கள். அந்த வஸ்ஹோத்தின் முதல் பயணத்துக்குத் தலைமை தாங்கியவர் விளாதிமிர் கொமரோவ்.

இந்த வாரமும் அவர்தான் நாயகர்.

*

1967 ஏப்ரல் 23, அதிகாலை. மாஸ்கோ நேரப்படி 3:35 மணி.

பைக்கனூரிலிருந்து புதிய கலமான சோயுஸ்-1 புறப்பட்டது. உள்ளே கொமரோவ் மட்டும். அப்போது அவருக்கு வயது 40. போர் விமானி, பொறியாளர் படிப்பும் முடித்தவர். ஏவுதளத்தின் மேல்தட்டு வரை கூடவே வந்து வழியனுப்பியவர் யூரி ககாரின். அவர் வெறுமனே வழியனுப்ப வந்த நண்பர் அல்ல, இந்தப் பயணத்துக்கான மாற்று வீரரும் அவரே. கொமரோவுக்குக் காய்ச்சல் வந்திருந்தால் அந்த இருக்கையில் ககாரின் உட்கார்ந்திருப்பார்.

திட்டம் பெரியது. மறுநாள் சோயுஸ்-2 கிளம்ப வேண்டும். அதில் பிகோவ்ஸ்கி, ஹ்ருனோவ், யெலிசேயெவ் என மூவர். இரண்டு கலங்களும் விண்ணில் இணைய வேண்டும். ஹ்ருனோவும் யெலிசேயெவும் விண்ணுடையில் வெளியே வந்து, கைப்பிடிகளைப் பற்றி நகர்ந்து, கொமரோவின் கலத்துக்குள் ஏறி, அவரோடு ஊர் திரும்ப வேண்டும்.

ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அல்ல, ஒரு தோப்பையே அடிக்கப் பார்த்த திட்டம் அது.

இந்த அவசரத்துக்குக் காரணம் இருந்தது. 1965 மார்ச்சுக்குப் பிறகு சோவியத் மனிதர் ஒருவரும் விண்ணுக்குப் போகவில்லை. அந்த இடைவெளியில் அமெரிக்கா பத்து ஜெமினி பயணங்களை நடத்தி முடித்துவிட்டது. 1966 ஜனவரியில் சோவியத் விண்கலங்களின் தலைமை வடிவமைப்பாளர் கொரோல்யோவ் இறந்துபோனார். அவருடைய நாற்காலியில் வசீலி மிஷின் உட்கார்ந்தார். திறமைசாலிதான். ஆனால் மேலிடத்தில் மேசையைத் தட்டி, 'முடியாது, இன்னும் ஆறு மாதம் வேண்டும்' என்று சொல்லும் செல்வாக்கு கொரோல்யோவோடு போய்விட்டது. மே தினம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. அது புரட்சியின் ஐம்பதாவது ஆண்டு.

*

சோயுஸ் அதற்கு முன் எத்தனை முறை சரியாகப் பறந்திருந்தது?

ஒருமுறைகூட இல்லை.

1966 நவம்பரில் காஸ்மாஸ்-133 என்ற பெயரில் ஆளில்லாமல் போன முதல் சோயுஸ் சுற்றுப்பாதையில் தள்ளாடியது. திரும்பும்போது அயல்நாட்டு மண்ணில் விழுந்துவிடக்கூடும் என்ற நிலை வந்ததும், அதிலிருந்த தானழிப்பு வெடிமருந்து அதை வானிலேயே சிதறடித்தது. எனவே அதன் பாராசூட் விரியுமா, விரியாதா என்ற கேள்வியே எழவில்லை.

டிசம்பரில் இரண்டாவது முயற்சி. ராக்கெட் ஏவுதளத்தை விட்டு எழவே இல்லை. ஏவுதல் நிறுத்தப்பட்ட பிறகு, ஆட்கள் ராக்கெட்டை நெருங்கிக்கொண்டிருந்த வேளையில், தப்பிப்பு ராக்கெட் தானாகப் பற்றிக்கொண்டு கலத்தை மட்டும் பிய்த்துக்கொண்டு பறந்தது. கீழே ராக்கெட் வெடித்தது. உயிரிழப்பும் ஏற்பட்டது. கலம் என்னவோ பாராசூட்டில் பத்திரமாக இறங்கிவிட்டது. இந்தக் குறிப்பை நினைவில் வையுங்கள்: அது தாழ்ந்த உயரம்.

1967 பிப்ரவரியில் மூன்றாவது, காஸ்மாஸ்-140. அது சுற்றுப்பாதையிலிருந்து திரும்பியது. ஆனால் வெப்பக் கவசத்தின் அடிப்பக்கத்தில் ஓர் அடைப்பு இருந்த இடத்தில் நெருப்பு துளை போட்டுவிட்டது. இலக்குக்கு வெகுதூரம் முன்பே, உறைந்து கிடந்த ஆரல் கடலின் மேல் இறங்கி, பனிக்கட்டியை உடைத்துக்கொண்டு நீருக்குள் மூழ்கியது. முக்குளிப்பவர்களை விட்டுத்தான் அதை மீட்க வேண்டியிருந்தது. உள்ளே மனிதர் இருந்திருந்தால், விண்ணுடை இல்லாமல் பிழைத்திருக்க முடியாது.

ஆனால் அதன் பாராசூட் விரிந்தது. அழகாகவே விரிந்தது.

பொறியாளர்கள் துளைக்கு வைத்தியம் பார்த்தார்கள். பாராசூட் பக்கத்தில் 'சரி' என்று குறித்துக்கொண்டார்கள். இந்தத் தொடரில் நான் எழுதப்போகும் எல்லாத் தவறுகளிலும் என்னை அதிகம் உறுத்துவது இதுதான். ஏனென்று சற்று நேரத்தில் தெரியும்.

*

சோயுஸ்-1 சுற்றுப்பாதையை அடைந்த சிறிது நேரத்திலேயே, இடதுபக்கச் சூரியத் தகடு விரியவில்லை என்று தெரிந்தது. மின்சாரம் பாதிக்குப் பாதி. ஒருபக்கச் சிறகு மடங்கியே இருந்ததால் கலத்தின் சமநிலையும் போயிற்று. நட்சத்திரத்தைப் பார்த்துத் திசை பிடிக்கும் கருவி வேலை செய்யவில்லை. அயனி ஓட்டத்தை வைத்துத் திசை அறியும் கருவியும் சொன்ன பேச்சு கேட்கவில்லை.

சோயுஸ்-2 பயணம் ரத்து. கொமரோவை இறக்குவது ஒன்றே இனி வேலை.

பதினேழாவது சுற்றில் இறக்க முயன்றார்கள். அயனிக் கருவி மறுபடி கைவிட்டது. மின்கலங்கள் கரைந்துகொண்டிருந்தன. கிரிமியாவிலுள்ள யெவ்பத்தோரியா கட்டுப்பாட்டு மையத்தில் ஒரு புது வழியை யோசித்தார்கள். பகல் பக்கத்தில் இருக்கும்போது கொமரோவ் தன் கண்ணால் பூமியைப் பார்த்துக் கலத்தைத் திருப்ப வேண்டும். பிறகு பூமியின் நிழலுக்குள் போகும்போது சுழல்மானிகள் அந்தத் திசையை அப்படியே பிடித்து வைத்திருக்க வேண்டும். வெளிச்சம் திரும்பியதும் அவர் மீண்டும் சரிபார்த்து, எஞ்சினை எரிக்க வேண்டும்.

எந்தப் பயிற்சியிலும் அவர் இதைச் செய்து பார்த்ததில்லை. ஒரு நாளுக்கு மேலாக மின்சாரப் பற்றாக்குறையோடும் அடங்காத கலத்தோடும் மல்லுக்கட்டிய மனிதர், இருட்டையும் வெளிச்சத்தையும் தாண்டி, கையாலேயே அதைச் செய்துமுடித்தார். எஞ்சின் எரிந்தது. சமநிலை தவறிய கலம் எரிப்பின்போது சற்றே விலகியதால், வளைந்து நெளிந்து இறங்கும் முறை கைவிடப்பட்டு, எறிந்த கல்போல நேராக விழும் முறைக்குக் கலம் தானாக மாறியது. அதனால் இறங்குமிடமும் மாறியது. கசாக் புல்வெளிக்குப் பதில், ஒரென்பூர்க் பகுதியில் ஓர்ஸ்க் நகருக்குக் கிழக்கே.

வெப்பக் கவசம் தன் வேலையைச் சரியாகச் செய்தது. நெருப்பைக் கடந்தாயிற்று. மேலே பழுதான எதுவும் இனிப் பொருட்டல்ல. தகடும் கருவிகளும் ஏற்கனவே கழன்று எரிந்துபோய்விட்டன. கொமரோவ் உட்கார்ந்திருந்த இறங்குகலம் மட்டும் மிச்சம்.

இன்னும் பத்து கிலோமீட்டர்.

*

அந்தப் பத்து கிலோமீட்டரில் என்ன நடந்திருக்க வேண்டும் என்பதை முதலில் பார்த்துவிடுவோம்.

இறங்குகலத்தின் எடை சுமார் 2.8 டன். அதன் பக்கச் சுவரில் இரண்டு கொள்கலன்கள். ஒன்றில் முதன்மைப் பாராசூட், மற்றொன்றில் மாற்றுப் பாராசூட். சுமார் 9.5 கிலோமீட்டர் உயரத்தில் முதல் கொள்கலனின் மூடி வெடித்துக் கழலும். சின்னஞ்சிறு இழுவைப் பாராசூட்டுகள் வெளியே வந்து, அவற்றைவிடப் பெரிய வேகத்தடைப் பாராசூட்டை இழுக்கும். அது கலத்தின் வேகத்தை வினாடிக்கு எண்பது, தொண்ணூறு மீட்டர் அளவுக்குக் கொண்டுவரும். அதன்பின் அதே வேகத்தடைப் பாராசூட், தான் கழன்று போகும்போது, அடியில் மடித்துத் திணித்திருக்கும் முதன்மைப் பாராசூட்டை உருவி எடுக்கும். முதன்மை விரிந்த பிறகு அடிக்கவசம் கழன்று விழும். தரைக்கு மேல் ஏறக்குறைய ஒரு மீட்டரில், காமாக் கதிரால் உயரம் அளக்கும் கருவி சைகை தர, அடியிலிருக்கும் சிறு ராக்கெட்டுகள் ஒரு கணம் சீறும். அவ்வளவுதான், தரை.

முதன்மை விரியாவிட்டால்? கலம் வேகமாக விழுவதை உணர்ந்து, மாற்றுப் பாராசூட் தானாக வெளியே வரும்.

காகிதத்தில் ஓட்டையே இல்லாத ஏற்பாடு.

ஏப்ரல் 24 காலை மூடி கழன்றது. வேகத்தடைப் பாராசூட் வெளியே வந்து விரிந்தது. இழுத்தது.

முதன்மைப் பாராசூட் வரவில்லை.

வேகத்தடைப் பாராசூட் விட்டபாடில்லை. கலத்தின் தலைக்கு மேல் விரிந்து, முழு பலத்தோடு இழுத்துக்கொண்டே இருந்தது. கொள்கலனுக்குள் இருந்த துணிமூட்டை ஒரு விரற்கடைகூட அசையவில்லை. கலம் விழுந்துகொண்டிருந்தது. தானியங்கி அதை உணர்ந்தது. இரண்டாவது மூடி கழன்றது. மாற்றுப் பாராசூட் வெளியே பாய்ந்தது.

ஆனால் அது விரிய வேண்டிய இடத்தில் வேகத்தடைப் பாராசூட் நின்றுகொண்டிருந்தது. முதன்மை வெளியே வந்தால்தான் வேகத்தடைப் பாராசூட் விலகும். முதன்மை வரவில்லை, எனவே அது விலகவில்லை. அதன் காற்று நிழலில் சிக்கிய மாற்றுப் பாராசூட் உப்பவில்லை. கயிறுகளோடு சேர்ந்து நீளத் துணியாகத் தொங்கியது.

மாற்று என்பது முதலாவது ஒதுங்கி வழிவிட்டால்தான் மாற்று. இந்த ஏற்பாட்டில் முதலாவதை ஒதுக்கித் தள்ள யாருமில்லை. வேகத்தடைப் பாராசூட்டை அறுத்துவிடும் வசதி அந்தக் கலத்தில் இல்லை. அது தலைக்கு மேல் நிற்கும்போது மாற்று விரியுமா என்று யாரும் அதுவரை சோதித்துப் பார்க்கவும் இல்லை.

அமெரிக்கர்கள் அப்போலோவுக்கு வேறு கணக்குப் போட்டிருந்தார்கள். மூன்று பெரிய பாராசூட்டுகள் ஒரே நேரத்தில் விரியும், இரண்டு விரிந்தாலே போதும். 1971 ஆகஸ்டில் அப்போலோ-15 திரும்பியபோது மூன்றில் ஒன்று சுருங்கிப்போனது. வீரர்களுக்கு ஒரு குலுக்கலோடு போயிற்று. எந்தக் கணக்கு உசத்தி என்று பட்டிமன்றம் வைக்க நான் வரவில்லை. எடை, இடம் என்று ரஷ்யர்களுக்கும் காரணங்கள் இருந்தன. ஆனால் மாற்று என்று ஒன்றை வைத்தால், அதற்கு வழிவிடும் ஏற்பாட்டையும் சேர்த்தே வைக்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியாத விஷயமல்ல.

*

காலை 6:24 மணியளவில் கலம் தரையில் மோதியது. வேகம் வினாடிக்கு சுமார் 40 மீட்டர்.

முதன்மை விரியாததால் அடிக்கவசம் கழலவில்லை. கவசத்துக்குள் அடைபட்டிருந்த மெதுவிறக்க ராக்கெட்டுகள் மோதிய பிறகு வெடித்தன. எஞ்சியிருந்த ஹைட்ரஜன் பெராக்சைடு தீயை ஊதிப் பெருக்கியது.

தேடுதல் விமானத்திலிருந்து பார்த்தவர்களுக்கு முதலில் தெரிந்தது, தரையில் கிடந்த கலமும் அருகில் பாராசூட்டும். மகிழ்ந்திருப்பார்கள். பிறகுதான் கரும்புகை தெரிந்தது. கீழே இறங்கிய மீட்புக் குழு மண்ணை வாரிப் போட்டுத் தீயை அணைக்கப் பார்த்தது.

மேலே வட்டமிடும் விமானத்துக்குச் செய்தி சொல்ல அவர்களிடம் வண்ணச் சைகை வெடிகள் இருந்தன. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பொருள். எல்லாம் நலம், மருத்துவர் தேவை என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்று. விண்வெளி வீரர் இறந்துவிட்டார் என்பதற்கு மட்டும் நிறம் கிடையாது. அப்படி ஒரு சைகை தேவைப்படும் என்று அட்டவணை தயாரித்தவர்களுக்குத் தோன்றவில்லை. கையில் இருந்தவற்றில் நெருக்கமானதை வெடித்தார்கள்: வீரருக்கு அவசர மருத்துவ உதவி தேவை.

அதனால் மாஸ்கோவிலும் யெவ்பத்தோரியாவிலும் சில மணி நேரம் கொமரோவ் உயிரோடு இருந்தார். எந்த மருத்துவமனை என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள். வீரர்களின் பயிற்சிக்குப் பொறுப்பான தளபதி நிக்கலாய் கமானின், வீரரை வரவேற்கும் எண்ணத்தோடு விமானத்திலிருந்து இறங்கிய பிறகுதான் உண்மை நிலையை அறிந்தார்.

விழும்போது கொமரோவ் ஆட்சியாளர்களைச் சபித்தார், அழுதார், அந்தக் குரலை அமெரிக்க ஒட்டுக்கேட்பு நிலையம் பதிவு செய்தது என்றெல்லாம் ஒரு கதை இன்றும் உலவுகிறது. நம்பத்தக்க ஆதாரம் ஏதும் கிடையாது. ஒரு நாள் முழுக்க நிதானம் தவறாமல் வேலை செய்த மனிதருக்கு அந்தக் கதை செய்வது அநியாயம் என்பது என் எண்ணம்.

ஏப்ரல் 26 அன்று அவருடைய அஸ்தி கிரெம்ளின் சுவரில் வைக்கப்பட்டது.

*

விசாரணைக் குழு முன் ஒரே கேள்விதான் பெரிதாக நின்றது. வேகத்தடைப் பாராசூட் விரிந்தது, இழுத்தது. பிறகும் முதன்மை ஏன் வரவில்லை?

துணி கிழியவில்லை. கயிறு அறவில்லை. மடித்த வரிசையில் பிழை காணவில்லை.

பார்வை கொள்கலன் பக்கம் திரும்பியது. கலத்தின் உள்ளே வீரர் சுவாசிக்கத் தரைமட்டக் காற்றழுத்தம். வெளியே 9.5 கிலோமீட்டர் உயரத்தில் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மூடி கழன்றதும் கொள்கலனுக்குள் இருப்பது வெளிக்காற்றுதான். ஆகவே வீரரின் அறை, கொள்கலனின் மெல்லிய சுவரை உள்நோக்கித் தள்ளுகிறது. ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் ஏறக்குறைய ஏழு டன் தள்ளல்! சுவர் வளைந்து, ஏற்கனவே இறுக்கித் திணிக்கப்பட்டிருந்த துணிமூட்டையைக் கவ்விக்கொண்டது. மழைக்காலத்தில் உப்பிப்போன மர மேசையின் இழுப்பறையை இழுத்துப் பார்த்தவர்களுக்கு இது புரியும். பலமாக இழுக்க இழுக்கக் கோபம்தான் வரும், இழுப்பறை வராது.

அதிகாரபூர்வ முடிவு இதுதான்.

இப்போது காஸ்மாஸ்-140க்குத் திரும்புவோம். அதில் மட்டும் பாராசூட் எப்படி வந்தது?

அதன் அடிக்கவசத்தில் துளை விழுந்திருந்தது அல்லவா? உள்ளிருந்த காற்று வெளியேறிவிட்டது. உள்ளும் புறமும் அழுத்தம் ஒன்றானது. கொள்கலன் சுவரைத் தள்ள எதுவும் இல்லை. பாராசூட் தடையின்றி வெளியே வந்தது. ஒரு பழுது இன்னொரு பழுதை மூடி மறைத்துவிட்டது.

டிசம்பரில் ஏவுதளத்திலிருந்து எகிறிய கலமோ தாழ்ந்த உயரத்தில் இறங்கியது. அங்கே அழுத்த வேறுபாடு என்ற பேச்சே இல்லை. காஸ்மாஸ்-133 இறங்கவே இல்லை. ஆக, உள்ளே முழு அழுத்தத்தோடு, உயரத்திலிருந்து விழும் உண்மையான சோயுஸ் ஒன்றின் கொள்கலன் எப்படி நடந்துகொள்ளும் என்பதை விண்ணிலிருந்து திரும்பிச் சோதித்த முதல் கலம் சோயுஸ்-1. அதில் மனிதர் இருந்தார்.

பாராசூட்டை வடிவமைத்த நிறுவனத்தின் தலைவர் ஃபியோதர் த்கச்சோவ் பின்னர் பதவியிழந்தார். கொள்கலனை வடிவமைத்தது அவர் அல்ல. மெல்லிய சுவர் யாருடையது, திணிப்பு யாருடையது என்ற வழக்கு இரு நிறுவனங்களுக்கிடையே ஓடியது. வழக்கம்போல, இரண்டுக்கும் நடுவிலிருந்த இடைவெளிக்கு யாரும் பொறுப்பேற்கவில்லை.

*

கதை இதோடு முடியவில்லை. கொரோல்யோவின் துணைவர்களில் ஒருவரான பொரீஸ் செர்த்தோக் பல ஆண்டுகளுக்குப் பின் தன் நினைவுநூலில் வேறொரு சாத்தியத்தை எழுதினார். வெப்பக் கவசப் பூச்சு இறுகுவதற்காகக் கலத்தைப் பெரிய சூட்டுக்கலனுக்குள் வைத்துச் சூடாக்குவார்கள். அப்போது பாராசூட் கொள்கலன்களை மூடிவைப்பது வழக்கம். மனிதர் பறப்பதற்கான எண் 4, எண் 5 கலங்களில் அது செய்யப்படவில்லை என்று ஐயம். சூட்டில் ஆவியான பிசின் கொள்கலனின் உட்சுவரில் படிந்து, வழவழப்பாக இருக்க வேண்டிய உலோகம் சொரசொரப்பாகவும் பிசுபிசுப்பாகவும் ஆகியிருக்கலாம். அந்த ஐயம் அதிகாரபூர்வ அறிக்கையில் ஏறவில்லை.

எண் 4 கலம்தான் சோயுஸ்-1. எண் 5 என்பது மறுநாள் கிளம்பவிருந்த சோயுஸ்-2.

இரண்டு காரணங்களில் எது உண்மையானாலும், இரு கலங்களுக்கும் அது பொது. கொமரோவின் சூரியத் தகடு ஒழுங்காக விரிந்திருந்தால் சோயுஸ்-2 கிளம்பியிருக்கும். இணைப்பு நடந்திருக்கும், பத்திரிகைகள் கொண்டாடியிருக்கும். பிறகு கொமரோவும் ஹ்ருனோவும் யெலிசேயெவும் ஒரு கலத்திலும், பிகோவ்ஸ்கி மற்றொன்றிலும், அதே போன்ற கொள்கலன்களை நம்பித் திரும்பியிருப்பார்கள்.

விரியாத அந்தத் தகடு மூன்று பேரைக் காப்பாற்றியது.

*

கொள்கலனை மாற்றினார்கள். நேர் உருளையாக இருந்தது, வெளிவாய் அகன்ற கூம்பு வடிவமானது. கொள்ளளவு கூடியது, சுவர் தடித்தது, உட்புறம் மெருகேற்றப்பட்டது. முதன்மை சிக்கினால் வேகத்தடைப் பாராசூட்டை அறுத்துவிடும் ஏற்பாடு சேர்ந்தது. மடிப்பதையும் திணிப்பதையும் கட்டம் கட்டமாகப் படம்பிடித்து வைக்கும் நடைமுறை வந்தது. 1984 ஏப்ரலில் ராகேஷ் சர்மாவைக் கசாக் மண்ணில் இறக்கிவிட்டது இந்தத் திருத்தங்களின் வழிவந்த பாராசூட்தான்.

ஆனால் நாம் இன்னும் அறுபதுகளிலேயே இருக்கிறோம். 1968 அக்டோபரில் பெரகவோய் சோயுஸ்-3இல் போய்ப் பத்திரமாகத் திரும்பினார். 1969 ஜனவரி 16 அன்று பழைய திட்டம் அப்படியே நிறைவேறியது. சோயுஸ்-5இலிருந்து வெளியேறி சோயுஸ்-4க்குள் ஏறிய இருவர் யார் தெரியுமா? அதே ஹ்ருனோவ், அதே யெலிசேயெவ். மறுநாள் சோயுஸ்-4ஐ ஓட்டிய ஷத்தாலோவோடு ஊர் திரும்பிவிட்டார்கள்.

சோயுஸ்-5இல் பொரீஸ் வலீனவ் மட்டும் தனியே எஞ்சினார். ஜனவரி 18 அன்று எஞ்சினை எரித்தார். கழன்றுபோக வேண்டிய பின்பகுதி கழலவில்லை. அதைச் சுமந்தபடியே கலம் தலைகீழாகத் திரும்பி, தடித்த வெப்பக் கவசம் பின்னால் போக, மெல்லிய நுழைவாயில் பக்கத்தை முன்னால் நீட்டிக்கொண்டு நெருப்புக்குள் நுழைந்தது. உள்ளே ரப்பர் கருகும் புகை. வாயிலைச் சுற்றிய விளிம்பு எரியத் தொடங்கியிருந்தது.

பாராசூட் கொள்கலனைத் திருத்தியவர்கள், கலம் சரியான பக்கம் பார்த்து வரும் என்றுதான் கணக்குப் போட்டிருந்தார்கள். அந்தக் கணக்கு பொய்த்த அன்று, தலைகீழாக எரிந்து வந்த கலத்தின் பாராசூட் விரிந்ததா?

(அடுத்த வாரம்)